ஒட்டிக்கொண்ட இரண்டு காசுகள்

அன்றைக்குக் கடையில் இருந்தவர்கள்: முதலாளி கரீம் சாயபு, நான், மயிலாப்பூர் வக்கீல் ராகவாச்சாரி, சாந்தோம் குப்பத்து மீன்காரி பிலோமினா, பக்கத்துக் கடை ரேடியோ மெக்கானிக் நரசிம்மலு. பிலோமினாவின் கூடையை மோப்பம் பிடித்துக்கொண்டு வந்த பூனையையும் சேர்த்தால் ஆறு. பூனையை ஏன் சேர்க்கிறேன் என்றால், பின்னால் யாராவது கேட்டு, விட்டுப்போச்சே என்று ஆகக் கூடாது. எனக்கு அப்படி ஒரு பயம் எப்போதும் உண்டு. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள் நான்.

கடையை இப்போது நடத்துகிறவர் சாயபுவின் பேரன். போன வாரம் பார்க்கப் போயிருந்தேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் ஏதோ ஒரு திரவத்தில் காசை முக்கி எடுக்கிறார்கள். கண்ணெதிரே பச்சை போய்ப் பளபளவென்று வந்துவிடுகிறது. பிறகு படம் போட்ட புத்தகத்தைத் திறந்து ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். நல்ல புத்தகம்தான், குறை சொல்ல வரவில்லை. ஆனால் அந்தப் பளபளப்பைப் பார்த்ததும் எனக்குப் பிலோமினாவின் ஞாபகம் வந்தது. "ஏன் மாமா முகம் சுருங்குது?" என்று பேரன் கேட்டார். சொன்னேன். "இதை எழுதிக் குடுங்க" என்றார். எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். எனக்குப் படிப்பு மூன்றாம் பாரத்தோடு நின்றுபோனது.

அப்பாவுக்குக் கிண்டி குதிரைப் பந்தய லாயத்தில் வேலை. குதிரை உதைத்து இடுப்பு போன பிறகு அவரால் எழுந்து நடக்க முடியவில்லை. அம்மா யார் யாரையோ பிடித்து, தியாகராய நகரில் பழைய நாணயமும் மெடலும் பித்தளைச் சாமானும் விற்கிற கரீம் சாயபுவிடம் என்னைச் சேர்த்துவிட்டாள். மேற்கு மாம்பலத்திலிருந்து ரயில் தண்டவாளத்தைத் தாண்டினால் கடை. முதல் வருஷம் பெருக்கினேன், டீ வாங்கினேன், காசுகளை எண்ணெயில் ஊறப்போட்டேன். இரண்டாம் வருஷம் ஊறியதைத் துடைத்தேன். அதற்கப்புறம்தான் உட்கார்ந்து பார்க்கச் சொன்னார்.

எனக்கு வந்து சேர்ந்தது யாருக்கும் வேண்டாத சரக்கு. ரோமாபுரி ராஜ்யத்தின் கடைசிக் காலத்துச் செப்புக் காசுகள். ரோமாபுரித் தங்கம், வெள்ளி என்றால் கடைக்காரர்கள் அடித்துக்கொள்வார்கள். இந்தச் செப்புக் காசு சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். பச்சையும் கறுப்புமாக, தேய்ந்து, ஓரம் உடைந்து கிடக்கும். கைக்குக் கை மாறி மாறி, உருவம் எல்லாம் வழித்தெடுத்த மாதிரி போயிருக்கும். அதிலிருந்து எந்த ராஜா, எந்த ஊர் என்று சொல்ல வேண்டும்.

சாயபு சொல்லிக் கொடுத்த வரிசை இதுதான்.

காசை வாங்கியதும் உடனே பார்க்கக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு கட்டை விரலை ஓரத்தில் ஓட்ட வேண்டும். வெட்டின ஓரமா, வார்த்த ஓரமா என்று விரல் முதலில் சொல்லிவிடும். வார்த்த ஓரமாக இருந்தால் அநேகமாகப் போலி. அடுத்தது, தலைப் பக்கத்தைப் பார்க்கக் கூடாது. வாடிக்கைக்காரர்கள் எல்லாரும் முதலில் ராஜா தலையைத்தான் பார்ப்பார்கள். சாயபு கையை நீட்டித் தடுப்பார். "மூஞ்சியப் பாக்காத நைனா. எல்லா ராசாவும் ஒரே மூஞ்சிதான், வாரிசுன்னு காட்டணும்ல. முதுகப் பாரு." முதுகில் படம் இருக்கும். இரண்டு சிப்பாய்கள் நின்றுகொண்டு நடுவில் கொடி பிடித்திருப்பார்கள். கொடி இரண்டு இருந்தால் முந்திய காசு, ஒன்று இருந்தால் பிந்தியது. சிறகு வைத்த பெண் ஒருத்தி கைதியை இழுத்துக்கொண்டு போவாள், அது இன்னும் பிந்தியது. இலை வளையத்துக்குள் சிலுவை, அது கடைசி.

ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் படுகிற மாதிரி சாய்த்துப் பிடிக்க வேண்டும். அப்போதும் எழுத்து தெரியாவிட்டால் வெள்ளைப் பொடியை லேசாகத் தேய்த்து ஊதினால், பள்ளத்தில் மட்டும் பொடி தங்கி எழுத்து எழும்பும். அதற்குச் சாக்குக்கட்டிப் பொடி வைத்திருந்தார். தீர்ந்துபோனால் என் சட்டைப் பையைப் பார்ப்பார்.

"மாணிக்கம், உன் சாமியக் கொஞ்சம் குடு."

வடபழனித் திருநீறு. பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்குவார், மிச்சத்தை இரண்டு கையாலும் திருப்பித் தருவார். வக்கீல் ராகவாச்சாரி ஒருநாள் இதைப் பார்த்துவிட்டு, "ஏன் சாயபு, எங்க ஸ்ரீசூர்ணம் ஆகாதோ?" என்றார். "செம்பு மேல செவப்பு எப்பிடி வக்கீலய்யா தெரியும்? கோர்ட்டுல ஜெயிக்கலாம், இங்க நீங்க தோத்தீங்க" என்றார் சாயபு. வக்கீல் சிரித்துச் சிரித்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

இன்னொரு வழக்கம் சாயபுவுக்கு. "இது இன்னா காசு?" என்று கேட்கவே மாட்டார். "இது இன்னாவா இருக்க முடியாது, சொல்லு" என்பார். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வர வேண்டும். தள்ள முடியாமல் எது மிஞ்சுகிறதோ அதுதான் பதில். என்னைப் போலச் சந்தேகப் பிராணிக்கு இது அல்வா மாதிரி. வீட்டில் எல்லாரும் திட்டுகிற குணத்துக்கு ஒரு இடத்தில் சம்பளம் கிடைத்தது.

எழுத்துகளையும் படமாகத்தான் பழகினேன். கூடாரம் மாதிரி ஒன்று, சுவர் மூலை மாதிரி ஒன்று, சீப்பு மாதிரி ஒன்று. இந்த மூன்றும் காசின் அடியில் சேர்ந்து வந்தால் எகிப்து தேசத்து அலெக்சாந்திரியாவில் அடித்தது என்று அர்த்தம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

இரண்டாவது உலக யுத்தம் முடிகிற சமயம் அது. எகிப்துப் பக்கம் போன நம் பட்டாளத்துக்காரர்கள் திரும்பி வரும்போது அங்கே சந்தையில் கிடைத்த இந்தச் செப்புக் காசுகளைக் கைப்பிடி கைப்பிடியாகக் கொண்டுவந்தார்கள். எங்கள் கடைக்கு வாரம் ஒருவராவது வருவார். அதனால் விலை இறங்கிப்போனது. எகிப்திலிருந்து மூட்டையில் வந்த காசு என்றால் ஒன்றுக்கு அரையணா. அதே காசு நம்மூர் மண்ணுக்குள்ளிருந்து எடுத்தது என்றால் கதை வேறு. அந்தக் கதைக்குத்தான் வக்கீல் அலைந்துகொண்டிருந்தார். ரோமாபுரிக் கப்பல் சரக்கு மயிலாப்பூர்க் கரைக்கும் வந்தது என்று அவர் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார். சாட்சிக்கு ஒரு காசு வேண்டும், மயிலாப்பூர்க் கரையில் எடுத்ததாக.

அப்போதுதான் பிலோமினா வந்தாள்.

எங்கள் தெருவில் மீன் விற்கிறவள்தான். கூடையை வாசலில் இறக்கிவிட்டு முந்தானை முடிச்சை அவிழ்த்து மேஜைமேல் கொட்டினாள். ஒரு கைப்பிடி அளவு, எல்லாம் புதுச் செம்புப் பாத்திரம் மாதிரிச் செக்கச் செவேலென்று மின்னியது.

"அடையாத்து மொகத்துவாரத்துல மணல்மேடு மழைக்கு ஒடைஞ்சுக்கிச்சு பாய். வூட்டுக்காரரு வலை கட்டக் கம்பு நடப் போனாரு, காலுல ஆப்ட்டுது. பச்சைப் பாசி புடிச்சிக் கெடந்துச்சு. உங்க கண்ணுக்குப் பளிச்சுனு தெரியட்டும்னு புளியும் சாம்பலும் போட்டு ரவ ரவயா தேச்சேன். கையெல்லாம் எரியுது."

சாயபு ஒரு காசை எடுத்துப் பார்த்தார். வைத்தார். இன்னொன்றை எடுத்தார். காசின்மேல் படிந்த பச்சையும் மண்ணும்தான் அது எங்கே கிடந்தது என்று சொல்கிற சாட்சி. நம் வீட்டுப் பெண்கள் குத்துவிளக்கைத் தேய்க்கிற மாதிரி இவள் சாட்சியைத் தேய்த்துக் கழுவி ஊற்றிவிட்டாள்.

சாயபு கோபப்படவில்லை. "நல்லாத்தான் தேச்சிக்கீற பிலோமினா. என் பொண்டாட்டி இப்பிடித் தேச்சதில்ல" என்றார்.

"இன்னா தருவீங்க?"

அவளுக்குப் பணம் வேண்டியிருந்தது. புருஷனுடைய கட்டுமரத்தை அலை தூக்கிப் பாறையில் அடித்து உடைத்துவிட்டது. மனுஷன் மற்றவர்கள் மரத்தில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார். கூலிக்காரன் பங்கு மீன் வீட்டுக் குழம்புக்கே பற்றாது, விற்கிற மீனைக் கடனுக்குத்தான் வாங்கினாள். புது மரம் கட்ட நூற்றைம்பது ரூபாய் கேட்கிறார்கள் என்றாள்.

வக்கீலுக்குச் சொல்லி அனுப்பினோம். வந்து பார்த்தார். இவருக்குச் சிறகுக்காரியும் சிப்பாயும் மனப்பாடம், லத்தீன் எழுத்தை நன்றாகப் படிப்பார். முகம் மலர்ந்தது. "மொகத்துவாரத்துலேர்ந்து எடுத்ததுன்னு நிச்சயமாச்சுன்னா நூத்தம்பது நானே தரேன்" என்றார். பிறகு முகம் மாறியது. "சாயபு, இவ கொழுந்தன் சூசைன்னு ஒருத்தன், பட்டாளத்துலேர்ந்து வந்தவன், போன மாசம் உங்ககிட்டதானே எகிப்து காசு வித்தான்?"

விற்றது உண்மைதான். நான்தான் எண்ணி வாங்கினேன்.

பிலோமினா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "அவன் காசு அவன் குடிச்சித் தீத்துட்டான். இது என் ஊட்டுக்காரரு காலுல ஆப்ட்டது. நான் பொய் சொல்லிக்கினு கீறேன்னு சொல்றியா ஐயரே?"

பூணூல் போட்ட எல்லாரும் அவளுக்கு ஐயர்தான். வக்கீல் தாம் ஐயங்கார் என்று திருத்துவதை எப்போதோ விட்டுவிட்டார். "நான் சொல்லலேம்மா. நாளைக்கு நான் எழுதினா படிக்கிறவன் சொல்லுவான். அவனுக்குப் பதில் வேணும்."

அவர் போன பிறகு காசுகளை ஒவ்வொன்றாகச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிறகுக்காரி உள்ள ஒன்றில் திருநீறு தேய்த்து ஊதினேன். கூடாரம், சுவர் மூலை, சீப்பு. அலெக்சாந்திரியா. இதைச் சொன்னால் அவள் மரம் போயிற்று, அவள் சொன்ன சொல்லும் போயிற்று. சொல்லாவிட்டால் சாயபு கடைப் பெயர் போயிற்று. காசைச் சாயபு முன்னால் நகர்த்தினேன்.

லென்ஸைக் கண்ணில் செருகிப் பார்த்தார். "இதனால இன்னாவா இருக்க முடியாதுன்னு சொல்லுவே?"

யோசித்தேன். எகிப்தில் அடித்த காசு எகிப்திலேயே இருந்திருக்க வேண்டும் என்று இல்லை. அந்தக் காலத்துக் கப்பல் அந்தத் துறைமுகத்துச் சரக்கைத்தானே கொண்டு வந்திருக்கும்?

"எதையும் தள்ள முடியல சாயபு."

"அப்ப இது சாட்சி இல்ல. பயப்படாம டீ சொல்லு."

அந்தக் கைப்பிடியில் ஒன்றே ஒன்று பிலோமினாவின் புளிக்கு மசியாமல் இருந்தது. இரண்டு காசுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டு, நடுவில் பச்சைக் களிம்பு கல்லாக இறுகியிருந்தது. வெளிப்பக்கம் இரண்டும் தேய்த்துச் சிவந்து போயிருந்தன. உள்பக்கத்தைப் புளியும் தொடவில்லை, சாம்பலும் தொடவில்லை. அந்தக் களிம்பு நேற்று முந்தாநாள் இறுகினது அல்ல. அதற்குள் என்ன மண் மாட்டியிருக்கிறதோ அது காசு புதைந்த இடத்து மண்.

பிரிக்கலாமா என்று சாயபு யோசித்தார். அவசரப்பட்டால் இரண்டும் நொறுங்கிவிடும். தேங்காய் எண்ணெயில் போட்டார். அந்தக் கிண்ணத்துக்கு நான் பட்ட கவலை கொஞ்சமல்ல. எண்ணெய் பச்சையாக மாறினால் மாற்றுவேன், எறும்பு வராமல் சுற்றிலும் தண்ணீர்த் தட்டு வைப்பேன், பூனை தட்டிவிடுமோ என்று மேலே கூடை கவிழ்ப்பேன், கூடை விழுந்து கிண்ணத்தை உடைக்குமோ என்று கூடையை எடுத்துவிடுவேன். பிலோமினா தினமும் வாசலில் நின்று, "கொழந்த கண்ணத் தொறந்துச்சா?" என்று கேட்டுவிட்டுப் போவாள். ஒருநாள் அவளேதான் அந்த யோசனையைச் சொன்னாள்.

"எங்க குப்பத்துப் பசங்க காந்தத்தக் கயித்துல கட்டி மணல்ல இழுத்துக்கினு போவும் பாய். கருமணலு மீசை மொளைச்சா மாதிரி ஒட்டிக்கும். அந்த எகிப்து ஊரு மணலு ஒட்டுமா?"

சாயபு என்னைப் பார்த்தார். சூசை விற்ற காசுகளிலிருந்து உதிர்ந்த மண்ணை நான் ஒரு பொட்டலத்தில் மடித்து வைத்திருந்தேன். எதற்கு என்று கேட்காதீர்கள். எதையும் எறிய எனக்குப் பயம்.

இப்படித்தான் அன்றைக்கு அத்தனை பேரும் கூடினோம். நரசிம்மலு பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைக் கொண்டுவந்தான். "ஜாக்கிரதை நைனா, என் கடையிலேயே இதான் பெரிய சொத்து."

முதலில் பொட்டலத்து மண்ணைச் சோதிக்க வேண்டும் என்றேன். காகிதத்தில் பரப்பினேன். மாவு மாதிரி வெளிறிய மண். காந்தத்தைக் காகிதத்துக்கு அடியில் நகர்த்தினான் நரசிம்மலு. ஒன்றும் அசையவில்லை.

சாயபு பேனாக்கத்தியை எடுத்தார். நான் கையை நீட்டித் தடுத்தேன்.

"சாயபு, கத்தி வேணாம்."

"ஏன்?"

"இரும்புத் தூள் உதுந்தாலும் காந்தத்துல ஒட்டும். அப்புறம் அது கத்தியா மணலான்னு ராத்திரியெல்லாம் எனக்குத் தூக்கம் வராது."

வக்கீல் நிமிர்ந்து உட்கார்ந்தார். "குறுக்கு விசாரணையிலே கேக்க வேண்டிய கேள்வி. எனக்குத் தோணாமப் போச்சே."

"இவன் பயம் இன்னிக்கு வேல செய்யுது" என்றார் சாயபு. கத்தியை மடித்து வைத்துவிட்டு மூங்கில் சிம்பைச் சீவித் தரச் சொன்னார். சிம்பை ஓரத்தில் வைத்து, அழுத்தாமல், திருப்பித் திருப்பி நுழைத்தார். அவர் விரல்கள் தடித்த விரல்கள். அவை அவ்வளவு மெதுவாக நகர்ந்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பிலோமினா உதட்டுக்குள் ஏதோ ஜெபித்துக்கொண்டிருந்தாள். சுண்டுகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம் கேட்டது. காசு இரண்டும் காகிதத்தின்மேல் தனித்தனியாக விழுந்தன.

ஒன்றில் இரண்டு சிப்பாய்கள், தேய்ந்த நிலையில். இன்னொன்றின் உள்பக்கம் நேற்று அடித்த மாதிரி இருந்தது. இலை வளையம், அதன் நடுவில் சிலுவை.

பிலோமினா குனிந்து பார்த்தாள். நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டாள்.

சாயபு சிம்பால் களிம்பைத் தட்டினார். பச்சைத் துகள்களோடு கொஞ்சம் மணல் உதிர்ந்தது. எண்ணெய் போக ஸ்பிரிட்டால் கழுவி, உலர வைத்தோம். நரசிம்மலு காந்தத்தை அடியில் கொண்டுவந்தான்.

கறுப்புத் துகள்கள் எழுந்து நின்றன. காந்தம் போகிற பக்கமெல்லாம் வரிசையாக நடந்தன. மிச்சமிருந்த மணலை வக்கீல் லென்ஸால் பார்த்து, "செவப்புப் பொடிக்கல்லும் இருக்கு. சாட்சாத் நம்ம சமுத்திரக் கரை மணல்" என்றார். பிறகு எழுந்து நின்று, கை கூப்பி, "பிலோமினா, சந்தேகப்பட்டேன், மனசுல வெச்சுக்காதேம்மா" என்றார்.

"போவுது ஐயரே. நீ கேட்டதும் நாயம்தான்" என்றாள் அவள். கண் மட்டும் கலங்கியிருந்தது.

இந்தச் சந்தடியில் பூனை கூடையிலிருந்து ஒரு மத்தியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. "இருக்கட்டும், அதுவும் சாட்சிதான்" என்றாள்.

வக்கீல் வீட்டிலிருந்து உறையில் பணத்தோடுதான் வந்திருந்தார். நூற்றைம்பது ரூபாயை எண்ணி நீட்டினார். பிலோமினா வாங்கினாள். திருப்பி எண்ணினாள். அதிலிருந்து ஓர் ஐந்து ரூபாய் நோட்டை உருவி மேஜைமேல் வைத்தாள்.

"இது இன்னாத்துக்கு?" என்றார் சாயபு.

"குருசு போட்ட காசு உள்ள கீதுன்னு எனக்குத் தெரியாது பாய். தெரிஞ்சப்புறம் முழுப் பணம் வாங்கக் கூடாது. எங்க ஆண்டவர முழு வெலைக்கு வித்தவன் ஒருத்தன் இருந்தான். அவன் கதி இன்னா ஆச்சுன்னு கோயில்ல வருசா வருசம் சொல்றாங்க."

"சரி, அஞ்சு ரூபா கொறைச்சுத் தரேன்னு சொல்றியா?" என்றார் வக்கீல்.

"கொறைக்கல ஐயரே. வெல நூத்தம்பதுதான். அஞ்சு ரூபா நீ எனக்குப் பாக்கி. பாக்கி இருக்கிற வரைக்கும் நான் விக்கல."

வக்கீல், "விக்ரயம் பூர்த்தியாகலே. சொத்து அனுபவத்துல மட்டும் இருக்கு. சட்டப்படி பேஷா நிக்கும்" என்று நோட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

மரம் கட்டினார்கள். கடலில் இறக்கிய அன்று எங்கள் எல்லார் வீட்டுக்கும் வஞ்சிரம் வந்தது, வக்கீல் வீடு தவிர. அவருக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் வந்தது. கட்டுரையும் வந்தது. இரண்டு மூன்று பேர் மறுத்து எழுதினார்கள். அவர் சந்தோஷமாகப் பதில் எழுதிக்கொண்டிருந்தார்.

தமக்கு முடியாமல் போன காலத்தில் வக்கீல் அந்த இரண்டு காசுகளையும் சாயபுவிடம் கொடுத்தார், கூடவே அந்தப் பாக்கியையும். சாயபு அந்தக் காசுகளை விலைக்குப் போடவே இல்லை. நான் வேலையை விட்டு நின்ற அன்று என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினார். "உனக்குத்தான் கவலைப்பட ஏதாவது வேணும், மாணிக்கம். இத வெச்சிக்கோ."

கவலைப்பட்டேன். கடன் வைத்துக்கொண்டு எனக்குத் தூக்கம் வராது. ஐந்து ரூபாயை எடுத்துக்கொண்டு சாந்தோம் குப்பத்துக்குப் போனேன். பிலோமினாவுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது, பார்வை மங்கியிருந்தது. குரல் மட்டும் அப்படியே. நோட்டைத் தடவிப் பார்த்து என்னவென்று புரிந்துகொண்டாள். என் கையிலேயே திருப்பி வைத்தாள்.

"இன்னா தம்பி, இந்த வயசுல என்னை யூதாசு ஆக்கப் பாக்கிறியா? போய் மீன் சாப்ட்டுட்டுப் போ."

சாப்பிட்டுவிட்டு வந்தேன். காசு இரண்டும் என் மரப்பெட்டியில் பஞ்சுக்குள் இருக்கின்றன. நான் இல்லாத காலத்தில் அவற்றைக் கடைக்கே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். வாங்கிக்கொள்கிறவர்கள் தெரிந்து வாங்கிக்கொள்ள வேண்டும்: சாந்தோம் குப்பம் பிலோமினாவுக்குப் பாக்கி, ஐந்து ரூபாய்.